மேற்கு வங்கத்தில் மறுபடியும் வேலை உண்டாக வேண்டுமானால்

கேள்வி இதுதான்: ஒரு காலத்தில் நாட்டின் முதல் வரிசைத் தொழில் மாநிலமாக இருந்த மேற்கு வங்கம் ஏன் இப்படிச் சரிந்தது? அங்கே தொழிலை மீட்டு, இளைஞர்களுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைக்க என்ன செய்யலாம்? திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சென்னைக் கட்டட வேலைகளிலும் மால்டா, முர்ஷிதாபாத் பையன்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி தானாகவே வரும். நான் கோவை ஃபவுண்டரி வட்டாரத்தில் நெடுநாள் இருந்தவன். வேலை நிமித்தமாக, கொல்கத்தாவை ஒட்டிய ஹவுராவுக்குப் போய்வந்த பழக்கமும் உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய கம்பெனியைப் பிடித்து வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வங்கம் காத்திருக்க வேண்டாம். தொழில் தெரிந்த லட்சக்கணக்கானவர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களுடைய பட்டறை மூன்று ஆளிலிருந்து முப்பது ஆளாக வளர முடியாமல் கிடக்கிறது. நிலம் கிடைப்பதில்லை, அரசு சொன்ன சொல் நிலைப்பதில்லை, உள்ளூர் வசூல் விடுவதில்லை. இந்த மூன்றையும் சரி செய்யாமல் எத்தனை முதலீட்டாளர் மாநாடு நடத்தினாலும் வேலை வராது.

சரிவு எவ்வளவு என்பதை முதலில் பார்ப்போம். பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதன்படி 1960-61-ல் நாட்டின் மொத்த உற்பத்தியில் மேற்கு வங்கத்தின் பங்கு 10.5 சதவீதம். 2023-24-ல் அது 5.6. தனிநபர் வருமானம் அன்று தேசிய சராசரியில் 127.5 சதவீதமாக இருந்தது, இப்போது 83.7. அதே அறிக்கையில் தமிழ்நாட்டின் பங்கு 8.7-லிருந்து 8.9 ஆகியிருக்கிறது, தனிநபர் வருமானம் தேசிய சராசரியில் 171 சதவீதத்துக்குப் போய்விட்டது. 1960-ல் சராசரி வங்காளி சராசரித் தமிழரை விட அதிகம் சம்பாதித்தார். இன்று அவர் பிள்ளை கோரமண்டல் எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறி இங்கே வருகிறார். 2023 ஜூன் 2-ஆம் தேதி பாலசோர் பக்கம் அந்த ரயில் விபத்துக்குள்ளானபோது இறந்தவர்களில் வங்கத்திலிருந்து வேலை தேடிக் கிளம்பியவர்கள் எத்தனை பேர் என்பது அப்போது செய்தி பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

காரணம் ஒன்றிரண்டல்ல. 1947 பிரிவினையில் சணல் ஆலைகள் ஹூக்ளி ஆற்றங்கரையில் நின்றுவிட்டன, சணல் விளையும் வயல்களில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் போய்விட்டது. லட்சக்கணக்கான அகதிகள் வந்து சேர்ந்தார்கள். 1950-களில் மத்திய அரசு சரக்குக் கட்டணச் சமன்பாட்டைக் கொண்டுவந்தது. நாட்டில் எந்த மூலையிலும் இரும்பு ஒரே விலைக்குக் கிடைக்கும் என்பது அதன் ஏற்பாடு. பர்ன்பூர், துர்காபூர், ஜாம்ஷெட்பூர் இரும்பு பக்கத்திலேயே இருந்த ஹவுராக்காரருக்கும், எங்கோ தள்ளியிருந்த லூதியானாக்காரருக்கும் ஒரே விலை. பருத்திக்கு அப்படி ஒரு சமன்பாடு கிடையாது, அதனால் மேற்கு இந்தியாவின் ஆதாயம் அப்படியே இருந்தது. எங்கள் கோவை எஞ்சினியரிங் தொழிலும் இந்த ஏற்பாட்டால் பலனடைந்ததுதான். அதை ஒப்புக்கொள்வது நியாயம். 1990-களின் தொடக்கம் வரை இது நீடித்தது.

அப்புறம் 1967-ல் ஐக்கிய முன்னணி ஆட்சி, அதோடு கெராவ். மேனேஜரை அவருடைய அறையிலேயே மணிக்கணக்கில் சுற்றி வளைத்து வைப்பது அன்றாட நிகழ்வானது. கம்பெனிகள் தலைமை அலுவலகங்களை மும்பைக்கும் டெல்லிக்கும் மாற்றின. 1977-லிருந்து 34 வருடம் இடது முன்னணி. பர்காதார் எனப்படும் குத்தகை விவசாயிகளின் பெயரைப் பதிவு செய்து, அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாதபடி செய்தது அந்த ஆட்சியின் பெரிய சாதனை. கிராமத்து ஏழைக்கு அது செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஆட்சிதான் 1980-களில் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்தை எடுத்தது. 1970-களில் கனவு கண்ட ஹல்தியா பெட்ரோகெமிக்கல்ஸ் உற்பத்தியைத் தொடங்க 2000 ஆகிவிட்டது.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் சரக்குக் கட்டணச் சமன்பாடு போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. பழைய அநியாயத்தை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் இன்றைக்குச் செய்ய வேண்டியது கண்ணில் படாது. இன்றைய சிக்கலின் முடிச்சு சிங்கூரில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

சிங்கூர் ஹூக்ளி மாவட்டத்தில், துர்காபூர் விரைவுச்சாலையை ஒட்டி, கொல்கத்தாவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருக்கிறது. நெல், உருளைக்கிழங்கு, சணல் என்று வருடத்துக்குப் பல போகம் எடுக்கும் பூமி. 2006-ல் இடது முன்னணியின் புத்ததேவ் பட்டாச்சார்யா அரசு டாடா நானோ தொழிற்சாலைக்காக அங்கே 997 ஏக்கரை 1894-ஆம் வருட நில எடுப்புச் சட்டத்தைக் கொண்டு எடுத்தது. இந்த 997 ஏக்கருக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள். ஆளுக்கு ஒரு துண்டு. 2011 கணக்கெடுப்பின்படி மேற்கு வங்கத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,028 பேர், தமிழ்நாட்டில் 555 பேர். இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ சிப்காட் நிலம் எடுத்த கணக்கு அங்கே செல்லாது.

இழப்பீடு உரிமையாளருக்குப் போனது. பதிவு செய்த பர்காதாருக்கு நில விலையில் 25 சதவீதம். பதிவு செய்யாத பர்காதாருக்கும், அந்த வயலில் நாற்று நட்டுப் பிழைத்த கூலிக்காரருக்கும் ஆரம்பத் திட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இந்த இடத்தைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எதிர்ப்பில் உறுதியாக நின்றவர்களில் காசோலையை வாங்க மறுத்த உரிமையாளரும் இருந்தார், காசோலையே எழுதப்படாதவரும் இருந்தார். இரண்டாமவருக்குத் தொழிற்சாலை என்பது நஷ்டம் மட்டும்தான். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த திரிணாமூலின் மம்தா பானர்ஜி உண்ணாவிரதம் இருந்தார். 2007 மார்ச் 14-ல், இன்னொரு நில எடுப்பை எதிர்த்து நின்ற நந்திகிராமில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தார்கள், மாநிலத்தின் மனநிலையே மாறிப்போனது. 2008 அக்டோபர் 3-ல் ரத்தன் டாடா விலகுவதாக அறிவித்தார். சில நாட்களில் குஜராத்தின் சானந்த் முடிவானது.

2016-ல் உச்ச நீதிமன்றம் சிங்கூர் நில எடுப்பை ரத்து செய்து, நிலத்தைத் திருப்பித் தரச் சொன்னது. கட்டுமானத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆனால் கான்கிரீட்டும் ஜல்லியும் இறங்கிய மண்ணில் பல பகுதிகளில் பழையபடி பயிர் வரவில்லை. 2023 அக்டோபரில் நடுவர் தீர்ப்பாயம், டாடா மோட்டார்ஸுக்கு 765.78 கோடி ரூபாயும் அதற்கு வட்டியும் தரச் சொல்லி மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கு உத்தரவு போட்டது. வேலையும் வரவில்லை, விளைச்சலும் திரும்பவில்லை, கடன் மட்டும் நின்றது.

சானந்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். நானோ கார் விற்கவில்லை, 2018 வாக்கில் உற்பத்தியே நின்றுபோனது. கார் தோற்றும் ஊர் தோற்கவில்லை. அதே சானந்தில் 2015-ல் ஃபோர்டு தொழிற்சாலை திறந்தது. ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததும் அந்த ஆலையை டாடாவே வாங்கிக்கொண்டது. 2023-ல் அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம் சிப் அசெம்ப்ளி ஆலைக்கு அங்கேதான் வந்தது. ஒரு கம்பெனி போனால் இன்னொன்று வந்து உட்கார இடமும் சாலையும் மின்சாரமும் உதிரிபாகக்காரர்களும் அங்கே தயாராக இருந்தார்கள். வங்கம் இழந்தது ஒரு கார் ஆலையை மட்டுமல்ல, இப்படி அடுத்தடுத்து வந்திருக்கக்கூடியவற்றையும் சேர்த்துத்தான்.

சிங்கூருக்குப் பிறகு வந்த திரிணாமூல் ஆட்சி, தனியார் தொழிலுக்கு அரசு நிலம் எடுத்துத் தராது என்று கொள்கையாகவே வைத்துக்கொண்டது. அந்த முடிவின் பின்னால் இருந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் விளைவு என்ன? பத்தாயிரம் துண்டு நிலத்தை ஒரு கம்பெனி தானே பேசி வாங்க வேண்டும். நடுவில் தரகர் நுழைகிறார், விவசாயிக்குப் போக வேண்டியதில் பாதி அவரிடம் நிற்கிறது. நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தை மற்ற பெரிய மாநிலங்கள் கைவிட்ட பிறகும் வங்கம் கைவிடவில்லை. கிராம நிலத்தில் 24 ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 14-ஒய் பிரிவில் தனி அனுமதி வாங்க வேண்டும். பெரிய கம்பெனி வக்கீல் வைத்து இதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். நடுத்தர ஆள் அதற்குள் வேறு மாநிலம் போய்விடுவார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஹரியானா 2007 வாக்கில் ஒரு ஏற்பாடு செய்தது: நிலம் கொடுத்தவருக்கு ஒரே தொகையோடு முடிக்காமல், ஏக்கருக்கு இவ்வளவு என்று வருடா வருடம், ஏறிக்கொண்டே போகிற மாதிரி 33 வருடம் பணம். புனே பக்கத்து மகர்பட்டாவில் விவசாயக் குடும்பங்கள் தங்கள் சுமார் 400 ஏக்கரைச் சேர்த்துத் தாங்களே பங்குதாரர்களாகி நகரத்தைக் கட்டினார்கள். வங்கத்துக்கு இந்த இரண்டையும் கலந்து ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. நிலத்தை விற்கச் சொல்லாதீர்கள், நீண்ட குத்தகைக்குக் கேளுங்கள். வருட வாடகையில் உரிமையாளருக்கு ஒரு பங்கு, பர்காதாருக்கு அவர் பெயர் பதிவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பங்கு. யார் அந்த வயலில் உண்மையில் உழைத்தார் என்பது ஊருக்குத் தெரியும். கிராம சபையில் பட்டியலைப் படித்து ஒப்புதல் வாங்கினால் போதும். முப்பது வருடத்துக்கு முந்தைய பதிவேட்டைப் பிடித்துத் தொங்குவதால்தான் சிங்கூர் சிங்கூரானது.

ஆனால் விளைநிலத்துக்குப் போவதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஹூக்ளியின் இரு கரையிலும் மூடிக்கிடக்கும் ஆலைகளின் நிலம். உத்தரபாராவில் அம்பாசிடர் கார் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதம் வேலையை நிறுத்தியது. ஒரு காலத்தில் எழுநூறு ஏக்கருக்கும் மேல் இருந்த வளாகம் அது. சாஹாகஞ்சில் டன்லப் டயர் ஆலை. மூடியும் திறந்தும் பாதி உயிரில் இருக்கும் சணல் மில்கள். எல்லாமே ரயில் பாதையை ஒட்டி, ஆற்றை ஒட்டி, தொழிலாளர் குடியிருப்போடு இருப்பவை. ஒரு விவசாயியைக்கூட எழுப்ப வேண்டியதில்லை. ஆனால் வங்கிக் கடன், தொழிலாளர் பாக்கி, திவால் வழக்கு என்று பலவும் நீதிமன்றத்தில் மாட்டிக்கிடக்கின்றன. சிக்கல் தீர்ந்தால் அடுக்குமாடி வீடும் மாலும் வந்துவிடுகின்றன. கொல்கத்தாவின் சவுத் சிட்டி மால் நிற்கும் இடத்தில் முன்பு உஷா ஃபேன், தையல் மெஷின் தொழிற்சாலை இருந்தது. ரியல் எஸ்டேட்காரர் கொடுக்கும் விலையைப் பட்டறைக்காரர் கொடுக்க முடியாது. அதனால் சந்தையை மட்டும் நம்பினால் இந்த நிலம் ஒருநாளும் தொழிலுக்கு வராது. தொழிலாளியின் கிராஜுவிட்டி, பி.எஃப். பாக்கியை அரசு முதலில் கொடுத்து வழக்கை முடிக்க வேண்டும். பிறகு நிலத்தைத் தொழிலுக்கு மட்டும் என்று பூட்டி, கால் ஏக்கர், அரை ஏக்கர் மனையாகவும், கிண்டியில் சிட்கோ கட்டியது போன்ற அடுக்குமாடித் தொழிற்கூடமாகவும் பிரித்துக் கொடுக்க வேண்டும். உத்தரபாராவிலேயே டிட்டாகர் நிறுவனம் மெட்ரோ ரயில் பெட்டி செய்கிறது. பக்கத்திலேயே அதற்கு உதிரி செய்கிறவர்களுக்கு இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, யாருக்கு அந்த மனை? ஹவுராவில் பெலிலியஸ் ரோடு என்று ஒன்று உண்டு. இரு பக்கமும் பட்டறை. ஒரு அறையில் இரண்டு லேத், அடுத்ததில் ஒரு டிரில்லிங் மெஷின், அதற்கடுத்து கியர் வெட்டுபவர். டர்னிங் முடிந்த உருப்படி தள்ளுவண்டியில் ஏறி நாலு கடை தள்ளி டிரில்லிங்குக்குப் போகும், அங்கிருந்து இன்னொரு சந்துக்கு. வரைபடம் இல்லாமல் உடைந்த பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அதே மாதிரி செய்து கொடுக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்தக் கைத்திறனை நான் கோவையில் கூட அவ்வளவு பார்த்ததில்லை. நியூயார்க் தெருக்களில் கிடக்கும் பாதாளச் சாக்கடை இரும்பு மூடிகளில் ‘மேட் இன் இந்தியா’ என்று இருக்கும். அவற்றில் பல ஹவுரா ஃபவுண்டரிகளில் வார்த்தவை. ஆனால் லேத் பழசு. வேலை தெரிந்தவருக்கு வயதாகிவிட்டது. மகன் பெங்களூரில்.

2015-16-ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் மேற்கு வங்கத்தில் 88.67 லட்சம் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் இருந்தன. நாட்டில் 14 சதவீதம். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். தமிழ்நாட்டில் 49.48 லட்சம்தான். ஆகவே வங்காளிக்குத் தொழில் செய்யத் தெரியாது, அவருக்கு அரட்டையும் அரசியலும்தான் என்று இங்கே சிலர் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். தொழில் செய்யும் கை அங்கே நம்மைவிட அதிகம். அவை பெரும்பாலும் ஒற்றை ஆள் தொழில்களாகவே நின்றுவிட்டன என்பதுதான் துயரம்.

ஏன் வளரவில்லை? கோவையில் ஒரு பம்ப் கம்பெனி பெரிதானால் அதோடு காஸ்டிங், மெஷினிங், வைண்டிங், பேக்கிங் என்று பல பட்டறைகள் சேர்ந்து பெரிதாகும். மோட்டாரைச் சோதித்துச் சான்று வாங்க சிடார்க் மாதிரி பொதுச் சோதனைக்கூடம் ஊரிலேயே உண்டு. ஹவுராவுக்கு வேலை கொடுத்த பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன: ஜெசப், பர்ன் ஸ்டாண்டர்டு, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். பெரியது போனதும் சிறியதற்கு ஜாப் ஆர்டர் நின்றுபோனது.

ஆனால் ஒரு துறையில் மட்டும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரயில்வே. 1950-லிருந்து ஓடும் சித்தரஞ்சன் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ், டிட்டாகர், டெக்ஸ்மாகோ, எல்லாம் வங்கத்தில். நான் அந்த மாநிலத் தொழில் துறைச் செயலாளராக இருந்தால் முதல் வேலையாக இதைத்தான் செய்வேன்: இந்த நிறுவனங்கள் வெளி மாநிலத்திலிருந்து வாங்கும் உருப்படிகளின் பட்டியலை எடுத்து, அதில் ஹவுராவில் செய்யக்கூடியது எது என்று பிரிப்பேன். ரயில்வேக்கு உதிரி கொடுக்க, அதன் தர நிர்ணய அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் அங்கீகாரம் வேண்டும். அதற்குச் சோதனைக் கட்டணம், தர ஆவணம், சரியான கேஜ், காலிபரேஷன் என்று செலவும் காகிதமும் ஏராளம். மூன்று பேர் பட்டறை அதைத் தாங்காது. அந்தச் செலவை மாநிலம் ஏற்று, ஒரு பொதுச் சோதனைக்கூடமும், ஆவணம் தயாரித்துக் கொடுக்க நாலு எஞ்சினியர்களும் போட்டால், ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுக்கும் சலுகையில் சிறு பகுதியில் முடிந்துவிடும். ஷிப்பூர் எஞ்சினியரிங் கல்லூரி அதே ஹவுராவில்தான் இருக்கிறது. பையன்களை அனுப்ப வெகுதூரம் போக வேண்டாம்.

கூடவே பணம் நேரத்துக்கு வர வேண்டும். சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006 முதல் சட்டம் இருக்கிறது. கொடுப்பவர் குறைவு. மாநில அரசின் சொந்தத் துறைகள் முதலில் அதைக் கடைப்பிடித்துக் காட்டட்டும்.

நகைத் தொழிலும் இதே கதைதான். மேற்கு மேதினிபூர் மாவட்டத்தின் தாஸ்பூர், கட்டால் பக்கத்திலிருந்து தங்க வேலை தெரிந்தவர்கள் மும்பை, சூரத் என்று போய்விட்டார்கள். கோவை, சென்னை நகைப் பட்டறைகளிலும் வங்காளி ஆசாரிகள் உண்டு. 2020 ஊரடங்கில் நிறையப் பேர் ஊர் திரும்பினார்கள். அவர்களைத் தக்கவைக்க அங்கே ஆர்டர் இல்லை, தங்கத்தைக் கடனாகக் கொடுக்க ஆள் இல்லை. மறுபடியும் ரயில் ஏறினார்கள். இவர்களுக்கு வேண்டியது பயிற்சி மையம் அல்ல, வேலை அவர்களுக்கு நன்றாகவே தெரியும். வங்கியில் தங்கக் கடன், ஹால்மார்க் வசதி, காவலோடு ஒரு கட்டடம், சென்னை வியாபாரி ஆர்டர் அனுப்பினால் வாங்கித் திருப்பி அனுப்ப நம்பகமான கூரியர். இவ்வளவுதான்.

வங்கத்தால் இது முடியாது என்று நினைப்பவர்களுக்கு கொல்கத்தாவுக்கு வெளியே உள்ள பான்தாலாவைக் காட்டுவேன். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொல்கத்தாவின் டாங்ரா, தில்ஜலா, டோப்சியா பகுதிகளில் இருந்த தோல் பதனிடும் ஆலைகளை நகருக்கு வெளியே போகச் சொன்னது. அதே வருடம் ஆகஸ்டில் நம் வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் பற்றிய தீர்ப்பும் வந்தது நினைவிருக்கலாம். கொல்கத்தாவில் எதிர்ப்பும் இழுபறியும் நிறைய இருந்தன. ஆனாலும் பான்தாலாவில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஒரு வளாகம் உருவானது. பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு, மனை எல்லாம் ஒரே இடத்தில். இன்று பர்ஸ், கைப்பை, தொழிற்சாலைக் கையுறை ஏற்றுமதியில் கொல்கத்தா முன்னணியில் இருப்பதற்கு அந்த வளாகம் பெரிய காரணம். சுத்திகரிப்பு நிலையம் பற்றிக் குறைகள் உண்டு, அதைச் சரி செய்தாக வேண்டும். ஆனால் இடமும் பொது வசதியும் கொடுத்தால் வங்கத்துத் தொழில் நிமிர்ந்து நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி நம்பிக்கை பற்றி. 2025-ல் மேற்கு வங்கச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. 1993 முதல் அறிவித்திருந்த தொழில் ஊக்கத் திட்டங்களை முன்தேதியிட்டு ரத்து செய்தது. சலுகையை நம்பி ஆலை கட்டிய நிறுவனங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. சமூகநலத் திட்டங்களுக்குப் பணம் வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். பெண்களுக்கு மாதாமாதம் பணம் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, தமிழ்நாட்டிலும் கொடுக்கிறோம். ஆனால் எழுதிக் கொடுத்ததைப் பின்னாலிருந்து அழித்தால், அடுத்து எழுதிக் கொடுப்பதை யார் நம்புவார்கள்? ஆந்திராவின் புதுத் தலைநகராகத் திட்டமிட்ட அமராவதியிலும் இதைப் பார்த்தோம். 30 ஆயிரம் ஏக்கருக்கு மேல் விவசாயிகள் நம்பிக் கொடுத்தார்கள், 2019-ல் ஆட்சி மாறியதும் எல்லாம் நின்றது. தமிழ்நாட்டில் 1990-களில் ஃபோர்டு வந்த நேரத்தில் நடுவில் ஆட்சி மாறியது, ஒப்பந்தம் மாறவில்லை. ஜெயலலிதா அரசு பேசி முடித்ததைக் கருணாநிதி அரசு தொடர்ந்தது. நம் பக்கம் மெச்சிக்கொள்ள ஒன்று உண்டென்றால் இதுதான்.

என் யோசனை: ஊக்கத்தொகையைக் குறைவாக அறிவியுங்கள், ஆனால் அதைத் தனிக் கணக்கில் முன்கூட்டியே போட்டு வையுங்கள். பிறகு விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம் என்று விடாமல், மின் கட்டணத்தில் மாதாமாதம் தானாகக் கழியட்டும். அந்தச் சட்டத்தையும் திரும்பப் பெற்றாக வேண்டும்.

உள்ளூர் வசூல் இதைவிடக் கடினம். வங்கத்தில் ‘கட் மணி’, அதாவது ஆளுங்கட்சிக்காரர் அடிக்கும் கமிஷன், என்பது அன்றாடச் சொல். 2019-ல் முதல்வராக இருந்த மம்தா பானர்ஜியே தன் கட்சிக்காரர்களிடம் வாங்கிய கட் மணியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார், அந்த அளவுக்கு அது வெளிப்படை. ராஜர்ஹாட்டில் புதுநகரம் எழும்பியபோது, நிலம் இழந்த உள்ளூர்ப் பையன்கள் மணல், செங்கல் சப்ளை செய்ய சங்கங்களாகச் சேர்ந்தார்கள். பிழைப்புக்கு ஒரு வழி என்று தொடங்கியது, அரசியல் பாதுகாப்போடு ‘சிண்டிகேட்’ ஆனது. கட்டடம் கட்டுகிறவர் அவர்களிடம்தான் வாங்க வேண்டும், அவர்கள் சொன்ன விலையில், அவர்கள் கொடுக்கும் தரத்தில். இதைப் போலீஸ் மட்டும் வைத்து ஒழிக்க முடியாது. நிலம் போன வீட்டில் ஒருவருக்கு அந்த ஆலையில் நிரந்தர வேலையோ வருட வாடகையோ இருந்தால், சிண்டிகேட்டுக்கு ஆள் கிடைப்பது குறையும். மறுபடியும் நில விஷயத்துக்கே வந்து நிற்கிறோம் பாருங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐ.டி. துறையில் கொல்கத்தாவின் சால்ட் லேக் செக்டார் ஃபைவ் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. எஸ்.இ.இசட். (சிறப்புப் பொருளாதார மண்டலம்) தகுதி பற்றிய தகராறில் இன்ஃபோசிஸ் வருடக்கணக்கில் இழுபட்டு, கடைசியில் 2024 டிசம்பரில்தான் நியூ டவுனில் மையம் திறந்தது, இவ்வளவு தாமதம் தேவையே இல்லை. துறைமுகம் உண்மையிலேயே குறை. கொல்கத்தா ஆற்றுத் துறைமுகம், வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கும், பெரிய கப்பல் வராது. ஆழ்கடல் துறைமுகம் வர வேண்டியதுதான், ஆனால் ஹவுரா பட்டறை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாநிலக் கடன், ஆண்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது, சாலைக்கும் மனைக்கும் மிஞ்சுவது கொஞ்சம். டெல்லியின் பங்கும் இதில் உண்டு. 2022 மார்ச் முதல் நூறு நாள் வேலைத் திட்டப் பணத்தை மத்திய அரசு வங்கத்துக்கு வருடக்கணக்கில் நிறுத்தி வைத்தது. ஊழல் இருந்தால் ஊழல் செய்தவரைப் பிடிக்க வேண்டும், மொத்த மாநிலத்தின் கூலியை நிறுத்தினால் கூலிக்காரர் ரயில் ஏறத்தான் செய்வார். சணலைப் பொறுத்தவரை, 1987 சட்டத்தால் அரசு தானியத்துக்குச் சாக்கு வாங்கும்வரை மில்கள் ஓடும். இருக்கும் வேலையைக் காப்பாற்றலாம், புது வேலையை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

எத்தனை வருடம் ஆகும் என்று கேட்பீர்கள். பணம் நேரத்துக்குக் கொடுப்பது, ரயில்வே உதிரிப் பட்டியல், சோதனைக்கூடம், தங்கக் கடன், இவையெல்லாம் ஒன்றிரண்டு வருடத்தில் ஆகக்கூடியவை. மூடிய ஆலை நிலம் ஐந்து வருடம் பிடிக்கும். விளைநிலக் குத்தகை முறை ஊர் நம்புவதற்குப் பத்து வருடம் ஆகலாம், முதல் இரண்டு இடங்களில் வாடகை தவறாமல் வந்தால்தான் மூன்றாவது ஊர் பேச்சுக்கே வரும். நடுவில் முதலீட்டு மாநாடுகள் நடக்கும், லட்சம் கோடிகளில் அறிவிப்பு வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஹவுராவிலும் துர்காபூரிலும் எத்தனை பட்டறைகள் தாழ்வழுத்த மின் இணைப்பிலிருந்து உயரழுத்த இணைப்புக்கு மாறின, பத்துப் பேருக்கு பி.எஃப். கட்டியவர் எத்தனை பேர் முப்பது பேருக்குக் கட்டுகிறார், இந்த இரண்டு கணக்கையும் மாவட்டவாரியாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடச் சொல்லுங்கள். மின் வாரியத்திடமும் பி.எஃப். அலுவலகத்திடமும் அந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது.